‘அற்பத்திற்கு மேல்’: மாற்றுத்திறனாளர் உரிமையும் அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமன எதிர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

2017-ஆம் ஆண்டு நீல் கோர்சச் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்டபோது, மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகளும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு தீர்ப்பில் அவர் கையாண்ட சட்ட அளவுகோலே அவ்வெதிர்ப்பின் பொருள். செனட் விசாரணையில் அது அவருடைய மனப்பாங்கு பற்றிய கேள்வியாக உருமாறியது. அவ்வளவுகோலின் சொல்வரலாற்றைத் தொடர்ந்து சென்று, எதிர்த்தோர் கேட்டது எது, பெற்ற விடை எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஜெஃப்ரி சட்டன், பிரெட் கேவனா ஆகியோரின் நியமனங்கள் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நீதிபதி நியமனம், செனட் இசைவு, மாற்றுத்திறனாளர் கல்வி, முன்தீர்ப்பு, அளவுகோல்

முன்னுரை

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்பின்படி உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் முன்மொழிகிறார். செனட்டின் இசைவு கிடைத்த பின்னரே நியமனம் நிறைவுறுகிறது. முன்மொழிவுக்கும் இசைவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் செனட்டின் நீதித்துறைக் குழு முன்மொழியப்பட்டவரை நேரில் விசாரிக்கிறது. பொதுமக்கள் தரப்புச் சாட்சியங்களையும் கேட்கிறது. நீதிபதி ஒருவரின் பழைய தீர்ப்பால் பாதிக்கப்பட்ட குடும்பம் அவருடைய பதவி உயர்வு குறித்துப் பேச இடம் கிடைப்பது இங்கேதான். இந்தியாவின் கொலீஜிய முறையில் இத்தகைய வெளிப்படையான விசாரணை இல்லை. சிறுபான்மையினரைப் பற்றிய பேச்சுகளைச் சுட்டிச் சென்னை உயர் நீதிமன்ற நியமனம் ஒன்றை எதிர்த்த மனுக்கள் 2023 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. சட்டப்படியான தகுதி நீதிமன்ற ஆய்வுக்கு உட்படும், பதவிக்கு ஏற்றவரா என்பது உட்படாது என்பதே அங்கு நின்ற வேறுபாடு. அமெரிக்காவில் அந்த இரண்டாவது கேள்விக்கெனவே ஓர் அரங்கு உள்ளது. அவ்வரங்கில் அக்கேள்வி எப்படி நடத்தப்படுகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

நலிந்தோர் சார்பில் எழுந்த நியமன எதிர்ப்பு புதியதன்று. கறுப்பின மக்கள் அரசியலில் பங்கேற்பதற்கு எதிராக 1920-ஆம் ஆண்டுத் தேர்தல் பரப்புரையில் பேசியவர் என்பதாலும், தொழிற்சங்கங்களுக்குப் பாதகமான தீர்ப்பு எழுதியவர் என்பதாலும் ஜான் ஜே. பார்க்கரின் முன்மொழிவு 1930-இல் 39–41 என்ற வாக்குகளில் தோற்றது. மாற்றுத்திறனாளர் இயக்கத்தின் எதிர்ப்புகளுக்கு அத்தகைய வெற்றி கிட்டவில்லை. எனினும் அவை எழுப்பிய கேள்வி பார்க்கர் காலத்துக் கேள்வியினும் நுட்பமானது. இழிவுபடுத்தும் பேச்சு எதுவும் இல்லாத இடத்தில், பரிவும் ஒழுங்கும் நிறைந்த ஒரு தீர்ப்புரைக்குள் உரிமை எவ்வாறு சுருங்குகிறது என்பதை அது காட்ட வேண்டியிருந்தது.

‘தகுந்த’ என்ற சொல்

1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ‘கட்டணமற்ற, தகுந்த பொதுக்கல்வி’ வழங்கப்பட வேண்டும் என்றது. கூட்டரசின் நிதியைப் பெறும் மாநிலங்கள் இதற்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் வகுக்கப்பட வேண்டும். அத்திட்டத்தில் பெற்றோருக்கும் பங்குண்டு. ஆனால் ‘தகுந்த’ என்பதற்கு எவ்வளவு என்ற அளவைச் சட்டம் சொல்லவில்லை. அதன் பின் வந்த வழக்குகள் பலவும் அந்த ஒரு பெயரடையைச் சுற்றியே நிகழ்ந்தன.

முதலில் வந்தது 1982-ஆம் ஆண்டின் ரௌலி வழக்கு. செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்தி பொது வகுப்பிலேயே படித்து, ஆண்டுதோறும் எளிதாகத் தேர்ச்சி பெற்று வந்தாள். வகுப்பில் பேசப்படுவதில் பெரும்பகுதி அவளைச் சென்றடையவில்லை என்பதால், சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரைப் பெற்றோர் கேட்டனர். குழந்தையின் ஆற்றலை அதன் உச்சத்திற்குக் கொண்டுசெல்லுமாறு சட்டம் பணிக்கவில்லை, கல்வியால் ‘ஓரளவு பயன்’ விளைந்தால் அமையும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோலைத் தாம் வகுக்கவில்லை என்றும் அத்தீர்ப்பு வெளிப்படையாகவே சொன்னது. அந்த எச்சரிக்கையைக் கீழ் நீதிமன்றங்கள் பல பின்னாளில் மறந்தன.

அடித்தளம் கூரையான கதை

‘டி மினிமிஸ்’ என்பது இலத்தீன் சட்டத்தொடர். அற்பமானவற்றைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை என்ற பழைய முதுமொழியிலிருந்து பிரிந்து வந்தது. பொருட்படுத்தத் தகாத அளவு சிறியது என்பதே அதன் பொருள். இச்சொல் மாற்றுத்திறனாளர் கல்விக்குள் நுழைந்த விதம் சற்று வியப்பானது. அது குழந்தைக்கு ஆதரவாகவே நுழைந்தது. 1988-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த போல்க் வழக்கில், கடுமையான குறைபாடுகள் கொண்ட குழந்தைக்கு இயன்முறைச் சிகிச்சை வேண்டி நின்றனர் பெற்றோர். கீழ் நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. ஏதோ ஒரு துளிப் பயன் இருந்துவிட்டால் சட்டம் நிறைவேறியதாகாது, அற்பத்தைக் கடந்த, பொருளுள்ள பயன் வேண்டும் என்பதே அங்கு சொல்லப்பட்டது.

1996-இல் பத்தாம் வட்ட நீதிமன்றம் அர்பன் வழக்கில் இத்தொடரை எடுத்தாண்டது. ‘அற்பத்திற்கு மேல்’ என்ற பகுதி வந்து சேர்ந்தது. ‘பொருளுள்ள’ என்ற பகுதி பின்தங்கிவிட்டது. 2008-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த கோர்சச், லூக் பி. வழக்கின் தீர்ப்புரையில் அத்தொடருக்கு முன்னே ‘வெறுமனே’ என்ற பொருள் தரும் ஒரு வினையடையைச் சேர்த்தார்.

தமிழில் இந்த வேறுபாட்டை எளிதாக உணர்த்திவிடலாம். ‘பயன் அற்பத்திற்கு மேலாகவேனும் இருத்தல் வேண்டும்’ என்பது ஒரு கூற்று. ‘பயன் அற்பத்திற்கு மேலாக இருந்தாலே போதும்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் எல்லைக்கோடு ஒன்றே. முதற்கூற்றின் ‘ஏனும்’ இதற்குக் கீழே செல்லாதே என்று கொடுப்பவரைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டாவதன் ஏகாரமும் ‘போதும்’ என்பதும் இதற்கு மேலே கேளாதே என்று பெறுபவரைப் பார்த்துச் சொல்கின்றன. எண்ணளவில் மாற்றம் ஏதும் நிகழாமலே அடித்தளம் கூரையாகிவிடுகிறது.

லூக் பி. வழக்கு

கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த அச்சிறுவன் ஆட்டிசம் உடையவன். பள்ளியில் தன் திட்டத்தின் இலக்குகள் சிலவற்றில் அவன் முன்னேறினான். ஆனால் பள்ளியில் கற்ற திறன்களை வீட்டிலோ வெளியிடங்களிலோ அவனால் பயன்படுத்த இயலவில்லை. அங்கே அவனுடைய நடத்தை கட்டுக்கடங்காததாயிற்று. ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்திற்குக் கொண்டுசெல்வது ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கும் பெரும் சிக்கல். கற்றல் நிகழ்ந்ததா என்ற கேள்வியே அங்குதான் விடை காண வேண்டியுள்ளது. பெற்றோர் அவனை மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்த்து, செலவை ஈடுசெய்யுமாறு கேட்டனர். விசாரணை அலுவலர், மாநில நிர்வாகச் சட்ட நீதிபதி, கூட்டரசின் மாவட்ட நீதிமன்றம் என மூன்று படிகளிலும் பெற்றோரே வென்றனர். நான்காம் படியில், கோர்சச் எழுதிய தீர்ப்பால் தோற்றனர்.

குடும்பம் சுமக்கும் பாரத்தைத் தீர்ப்புரை மறுக்கவில்லை, இரக்கத்தையும் தெரிவித்தது. நாடாளுமன்றம் எழுதியபடி சட்டத்தைச் செயற்படுத்துவதே தம் பணி என்றது. வகுப்பறைக்குள் நிகழ்ந்த முன்னேற்றம் அற்பத்தைக் கடந்தது, எனவே சட்டம் நிறைவேறிற்று. பள்ளிக்கு வெளியே திறன்கள் பரவ வேண்டும் என்பது சட்டத்தின் தேவையன்று. வாதம் கட்டுக்கோப்பானது. அதன் முதல் அடியை ஏற்றுக்கொண்டால் இறுதி அடியை மறுப்பது கடினம். சிக்கல் முதல் அடியில் இருந்தது. ஒரு குழந்தை எதைக் கற்க முடியும் என்ற கேள்வியைக் கேளாமலே அதற்கு எவ்வளவு போதும் என்று அந்த அளவுகோல் சொல்லிவிடுகிறது.

ஏழாண்டுகள் கழித்து, 2015-இல், ஆட்டிசம் உடைய மற்றொரு கொலராடோச் சிறுவனின் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, ‘வெறுமனே’ என்பதையும் சேர்த்து அத்தொடரை அப்படியே எடுத்தாண்டது. அவ்வமர்வில் கோர்சச் இல்லை. சொல் மட்டும் இருந்தது. எண்ட்ரூ எஃப். என்று அறியப்படும் அவ்வழக்கே மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2017 மார்ச் 22

2016 பிப்ரவரியில் நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா மறைந்தார். அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டைச் செனட் விசாரிக்கவே மறுத்துவிட்டது. 2017 ஜனவரி 31 அன்று அதிபர் டிரம்ப் கோர்சச்சை முன்மொழிந்தார். உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளுடன் இயங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில்தான் எண்ட்ரூ எஃப். வழக்கின் வாதம் முடிந்து தீர்ப்பு நிலுவையில் இருந்தது.

மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் எதிர்ப்பு லூக் பி. தீர்ப்பையே முதன்மையாகச் சுட்டியது. 2014-ஆம் ஆண்டின் ஹ்வாங் வழக்கும் உடன் வந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஆறு மாத விடுப்புப் பெற்றிருந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், வளாகத்தில் காய்ச்சல் பரவியதால் விடுப்பை நீட்டிக்குமாறு கேட்டார், பல்கலைக்கழகம் மறுத்தது. ஆறு மாதத்திற்கும் மேற்பட்ட விடுப்பைப் பொதுவாக நியாயமான இசைவிப்பாகக் கொள்ள முடியாது என்று கோர்சச் எழுதினார்.

செனட் விசாரணை மார்ச் 20 அன்று தொடங்கியது. மூன்றாம் நாளான 22 அன்று, அவர் குழுவின் முன் விடையளித்துக்கொண்டிருந்த அதே காலையில், எண்ட்ரூ எஃப். தீர்ப்பு வெளியாயிற்று. எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகப் பத்தாம் வட்டத்தின் அளவுகோலை நிராகரித்திருந்தனர். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அத்தீர்ப்பின்படி, குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை அது அடையும் வகையில் கல்வித் திட்டம் நியாயமாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வெறுமனே அற்பத்திற்கு மேற்பட்ட முன்னேற்றத்தை மட்டும் தரும் திட்டத்தைக் கல்வி என்று சொல்வதே அரிது என்றும் அது கூறியது. பிற குழந்தைகளுக்கு நிகரான வாய்ப்பு வேண்டும் என்ற பெற்றோரின் உயர்ந்த கோரிக்கையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோரின் வெற்றி முழுமையானதன்று.

முன்மொழியப்பட்டவர் ஒருவரின் சொற்றொடரை, அவர் சேர விழையும் நீதிமன்றமே, அவருடைய விசாரணை நாளிலேயே கைவிட்டது நாடகத்தன்மை மிக்க தற்செயல். அந்நாடகத்தன்மையே கேள்வியின் கூர்மையை மழுக்கிவிட்டது என்பது என் கருத்து. செனட்டர் டிக் டர்பின் அத்தீர்ப்பைச் சுட்டிக் கேட்டபோது, தாம் அர்பன் முன்தீர்ப்பால் கட்டுண்டிருந்ததாகவும், அது பிழையென்றால் வருந்துவதாகவும் கோர்சச் விடையளித்தார். ஆட்டிசம் உடைய ஒரு குழந்தை தோற்பதைத் தாம் விரும்பினார் என்று எவரேனும் சொன்னால் அது தம் நெஞ்சைப் பிளக்கும் குற்றச்சாட்டு என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் விரும்பினாரா என்பது எதிர்த்தோரின் கேள்வியன்று. எவ்வளவு போதும் என்று அவர் கருதினார், ஏன் அவ்வாறு கருதினார் என்பதே கேள்வி. மனம் பற்றிக் கேட்கப்படாத கேள்விக்கு மனமுருகும் விடை கிடைத்தது. அளவு பற்றிய கேள்வி அவையில் எஞ்சி நின்றது.

முன்தீர்ப்பு என்ற விடையை மேலோட்டமாக ஒதுக்குவதும் நேர்மையன்று. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அந்நீதிமன்றத்தின் முந்தைய அமர்வுகளின் முடிவுக்குக் கட்டுப்பட்டது. அர்பன் தீர்ப்பை அவர் மாற்ற இயலாது. ஆயின் அர்பன் கட்டியது ‘அற்பத்திற்கு மேல்’ என்பதை மட்டுமே. ‘வெறுமனே’ என்பதை எந்த முன்தீர்ப்பும் அவர்மீது சுமத்தவில்லை. அச்சொல் இல்லாமலும் தீர்ப்பு பள்ளியின் பக்கமே சென்றிருக்கக்கூடும். ஆனால் 2015-ஆம் ஆண்டின் அமர்வுக்குக் கைமாறியதும், உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லி ஒதுக்கியதும் அச்சொல்லுடன் கூடிய வடிவமே. நீதிபதியின் சொந்தப் பங்கு என்று எதையேனும் பிரித்துக் காட்ட முடியுமானால் அது இதுதான். எதிர்த்தோர் கை வைத்த இடம் சரியான இடம்.

மறுநாள், மார்ச் 23 அன்று, அச்சிறுவனின் தந்தை குழுவின் முன் சாட்சியமளித்தார். ஏப்ரல் 6 அன்று செனட் தன் விதியை மாற்றி, விவாதத்தை முடித்துவைக்க எளிய பெரும்பான்மையே போதும் என்றாக்கியது. மறுநாள் 54–45 வாக்குகளில் கோர்சச்சின் நியமனம் உறுதியாயிற்று.

கட்சிக்காரரின் கேடயம்

இதற்கு முன்னரும் மாற்றுத்திறனாளர் இயக்கம் ஒரு முன்மொழிவைக் கடுமையாக எதிர்த்திருந்தது. 2001-இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்ட ஜெஃப்ரி சட்டன், கேரட் வழக்கில் அலபாமா மாநிலத்தின் சார்பில் வாதாடி வென்றவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற செவிலியர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதியின்கீழ் மாநில அரசுகளிடம் ஊழியர்கள் இழப்பீடு கோர முடியாது என்று 5–4 என்ற கணக்கில் முடிவாயிற்று. கட்சிக்காரருக்காக வாதிடுவது வழக்கறிஞரின் கடமை என்பது சட்டன் தரப்பின் விடை. ஓஹையோ மாநில அரசு வழக்கறிஞராக இருந்தபோது, மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட பார்வையற்ற பெண்ணுக்காகவும் அவர் வாதாடியிருந்தார். அதை அவருடைய ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டினர். 2003 ஏப்ரல் 29 அன்று 52–41 வாக்குகளில் அவர் உறுதிசெய்யப்பட்டார்.

சட்டன் மீதான எதிர்ப்பு கோர்சச் மீதானதைவிட வலுக்குறைந்தது என்றே எண்ணுகிறேன். வாதம் கட்சிக்காரருடையது; தீர்ப்புரையின் சொல் நீதிபதியுடையது. நலிந்தோர் தரப்பு வழக்கறிஞர்களையும் இதே தருக்கத்தால் நாளை எவரும் எதிர்க்கக்கூடும்.

விருப்பத்தைக் கேட்க வேண்டுமா?

2018-இல் முன்மொழியப்பட்ட பிரெட் கேவனா மீதான எதிர்ப்பில் அளவுகோல் பற்றிய கேள்வி வேறு வடிவம் எடுத்தது. அவர் 2007-இல் எழுதிய டார்லோ தீர்ப்பு, வாஷிங்டன் நகர நிர்வாகத்தின் பராமரிப்பில் இருந்த அறிவுசார் குறைபாடு கொண்ட பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு அவசரமற்ற அறுவை மருத்துவங்கள் செய்வதற்கு நிர்வாகமே ஒப்புதல் அளித்துவந்தது; அவற்றுள் கருக்கலைப்பும் அடங்கும். முடிவெடுக்கும் திறன் சட்டப்படி இல்லாதவர் எனினும் அவருடைய விருப்பத்தை அறிய முயல வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மருத்துவ முடிவெடுக்கும் திறன் ஒருபோதும் இல்லாதிருந்தவர்களின் விருப்பத்தைக் கருதுமாறு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று கேவனா அதனை மாற்றினார்.

இங்கும் தருக்கம் ஒழுங்கானதே. திறன் இல்லாதவரின் விருப்பத்தையே முடிவாகக் கொண்டால் தவறான சிகிச்சைக்கு வழியாகும் என்பது அதன் அச்சம். ஆயினும் விருப்பத்தைக் கேட்பது வேறு, அதன்படியே நடப்பது வேறு. கேட்பதனால் எவருக்கும் தீங்கில்லை. கேட்க வேண்டியதில்லை என்ற நிலையில் அம்மனிதர் தம் உடல் பற்றிய உரையாடலிலிருந்தே நீக்கப்படுகிறார். 2018 செப்டம்பர் 7 அன்று அறிவுசார் குறைபாடு கொண்ட பெண்மணி ஒருவர் தாமே செனட் குழுவின் முன் அமர்ந்து, துணையுடன் முடிவெடுக்கத் தம்மைப் போன்றோரால் இயலும் என்று சாட்சியமளித்தார். டார்லோ தீர்ப்பு கேட்கத் தேவையில்லை என்று விட்ட குரல் அந்த அரங்கில் கேட்டது. அக்டோபர் 6 அன்று 50–48 வாக்குகளில் கேவனா உறுதிசெய்யப்பட்டார். அந்நியமனத்தைச் சூழ்ந்த பிற குற்றச்சாட்டுகளின் ஆரவாரத்தில் டார்லோ வழக்கு பெரிதும் மறைந்துபோயிற்று.

நியமனத்திற்குப் பின்

எண்ட்ரூ எஃப். வழக்கு கீழ் நீதிமன்றத்திற்குத் திரும்பியது. 2018 பிப்ரவரியில், அங்கே முன்பு பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றமே புதிய அளவுகோலின்படி பெற்றோருக்குச் சார்பாக முடிவு செய்தது. சான்றுகள் அவையே; மாறியது அளவுகோல் மட்டுமே.

கோர்சச்சின் பிற்காலப் பதிவு எதிர்த்தோருக்கும் ஆதரித்தோருக்கும் முழு ஆறுதல் தருவதன்று. செவித்திறனும் பார்வையும் குன்றிய பெண்ணொருவருக்கு இயன்முறைச் சிகிச்சை நிலையம் சைகைமொழி பெயர்ப்பாளரை மறுத்த கம்மிங்ஸ் வழக்கில், 2022 ஏப்ரலில், மன உளைச்சலுக்கு இழப்பீடு கிடையாது என்ற ஆறு நீதிபதிகளுடன் அவரும் கேவனாவும் நின்றனர். ஓராண்டு கழிவதற்குள் வந்தது பெரெஸ் வழக்கு. மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரில் ஒன்பது வயது முதல் இருபது வயது வரை படித்த செவித்திறனற்ற மாணவர் அவர். சைகைமொழியில் தகுதியற்ற உதவியாளர்களைத் தந்து, மதிப்பெண்களையும் உயர்த்திக் காட்டிவந்த பள்ளி நிர்வாகம், படிப்பு முடியச் சில மாதங்கள் இருக்கையில் பட்டயம் தர இயலாது என்றது. கல்விச் சட்டத்தின் நடைமுறைகளை முடிக்காமலே மாற்றுத்திறனாளர் சட்டத்தின்கீழ் அவர் பண இழப்பீடு கோரலாம் என்று 2023 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புரையை எழுதியவர் கோர்சச். கல்விச் சட்டத்தால் தர இயலாத நிவாரணத்தைக் கேட்பவர், அச்சட்டத்தின் வழியே முதலில் சென்றாக வேண்டும் என்று அதன் சொற்கள் சொல்லவில்லை என்பதே அவருடைய வாதம். லூக் பி. வழக்கில் குடும்பத்திற்கு எதிராகச் சென்ற அதே சொல்வழி வாசிப்பு, இங்கே மாணவருக்குச் சார்பாகச் சென்றது.